சீசாவில் ஒட்டியிருக்கும் எண் யாருடைய படி?

"முப்பது" என்று எழுதிய ஒரு சீசாவும், "முப்பது" என்றே எழுதிய இன்னொரு சீசாவும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்தால், வாங்க வருகிறவர் என்ன நினைப்பார்? இரண்டும் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே நினைப்பார்? அப்படி நினைப்பதில் அவர்மீது குற்றம் இல்லை. எடையும் அளவும் எந்தக் கடையிலும் ஒன்றே என்று அவரைப் பழக்கியிருப்பவர்களே நாம்தான். ஆனால் ரிமோட் பந்தயக் கார்களுக்கு ஊற்றுகிற எண்ணெய்ச் சீசாக்களில் அந்த நம்பிக்கை செல்லுபடியாகாது. ஒரு கம்பெனியின் முப்பதும் மற்றொரு கம்பெனியின் முப்பதும் ஒன்றல்ல. இது சரியான வியாபார முறை அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மளிகைக்காரர்கள் படிக்கும் இதழில் விளையாட்டுக் கார் எண்ணெய்க்கு என்ன வேலை என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். மளிகையோடு ஃபேன்சி, எழுதுபொருள், பொம்மை என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பக்கத்தில் வைக்கும் சரக்கின் தரமும் விலையும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகின்றன. நூறு ரூபாய் பொம்மைக் காரைப் பற்றி நான் பேசவில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, கழற்றி மாட்டி, மைதானத்தில் ஓட்டும் வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன். அதை வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். அதற்குரிய எண்ணெய்க்கும் ஓ-ரிங்குக்கும் டயருக்கும் திரும்பத் திரும்ப வருவார். அடுப்பு விற்பவரைவிட விறகு விற்பவருக்கே நிலையான வியாபாரம் என்பது இங்கேயும் பொருந்தும். ஆனால் எண்ணெயைப் பற்றி நாலு வார்த்தை தெரியாமல் அதை விற்றால், அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இந்தத் தொழில் வளர்ந்தது ஜப்பானிலும் அமெரிக்காவிலும். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது. மரத்தில் மாதிரி உருவங்கள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறி, 1976-இல் போர்ஷே 934 என்ற ரிமோட் காரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டீம் அசோசியேட்டட் 1984-இல் ஆர்.சி.10 என்ற வண்டியை இறக்கியது. எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக் அப்சார்பர்களோடு மண் தரையில் ஓடிய அந்த வண்டிக்குப் பிறகு, மண் தரைப் பந்தயத்தில் எண்ணெயைப் பற்றித் தெரியாமல் ஜெயிப்பது கடினம் என்றாகிவிட்டது.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது? ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பரை நினைத்துக்கொள்ளுங்கள். சுருள் கம்பி வண்டியைத் தாங்குகிறது. கம்பி மட்டும் இருந்தால், ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதியை அடக்குவதுதான் எண்ணெய். விரல் பருமனுள்ள ஒரு குழாய், உள்ளே ஒரு சிறு வட்டப் பிஸ்டன், பிஸ்டனில் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய சில துளைகள். சக்கரம் மேலே போகும்போது எண்ணெய் அந்தத் துளை வழியாகப் பிதுங்கி மறுபக்கம் போக வேண்டும். எண்ணெய் கெட்டியானால் மெதுவாகப் போகும், இளகினால் வேகமாகப் போகும். வண்டி தரையைப் பிடித்து ஓடுவதா, தாவிக் குப்புற விழுவதா என்பதை அந்தச் சில மில்லிலிட்டர் எண்ணெயின் கெட்டித்தன்மை தீர்மானிக்கிறது.

இந்தக் கெட்டித்தன்மைக்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இருக்கிறது. பெயர் சென்டிஸ்டோக். அயர்லாந்தில் பிறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானி ஸ்டோக்ஸ் என்பவரின் பெயரால் வந்தது. குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நுண்குழாய் வழியாக எண்ணெய் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து அளப்பார்கள். நம் கடைச் சரக்கையே உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். தண்ணீர் ஒரு சென்டிஸ்டோக். கடலை எண்ணெய் சாதாரண அறைச் சூட்டில் சுமார் 70. விளக்கெண்ணெய் 700-ஐ ஒட்டி வரும். நல்ல தேன் சில ஆயிரங்களிலிருந்து பத்தாயிரம் வரை போகும். பந்தயக் கார் ஷாக்கில் ஊற்றும் சிலிக்கோன் எண்ணெய் பெரும்பாலும் 200-க்கும் 1,000-க்கும் இடையில் இருக்கும். அதாவது கடலை எண்ணெயைவிடக் கெட்டி, பெரும்பாலும் விளக்கெண்ணெயைவிட இளகல். (விளக்கெண்ணெய்க்கும் இந்த உலகத்தில் ஒரு வேலை உண்டு. பெட்ரோல் இல்லாமல் மெத்தனால் கலவையில் ஓடும் சிறு எஞ்சின்களின் எரிபொருளில் மசகுக்காக அதைச் சேர்க்கும் வழக்கம் பழையது. எண்ணெய் மண்டிக்காரர்கள் சந்தோஷப்படலாம்.)

இத்தனை தெளிவான அளவு இருக்க, அமெரிக்கக் கம்பெனிகள் ஷாக் எண்ணெய்ச் சீசாவின் முகப்பில் பெரிதாகப் போடுவது "வெயிட்" என்ற வேறு எண். 20 வெயிட், 30 வெயிட், 40 வெயிட் என்று. இந்த வார்த்தை மோட்டார் எண்ணெயிலிருந்து வந்தது. அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911-இலேயே எஞ்சின் எண்ணெய்களை எண் போட்டுப் பிரித்தது. அந்த முறையில் 30 என்றால், 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. சிலிக்கோன் ஷாக் எண்ணெயின் 30 வெயிட்டை அதே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 100 சென்டிஸ்டோக் இருக்கும். ஒரே எண், ஒரே வார்த்தை, கெட்டியில் பத்து மடங்கு வித்தியாசம். "30 எண்ணெய்தானே, பக்கத்து மெக்கானிக் கடையில் மலிவாகக் கிடைக்குமே" என்று ஒருவர் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால், ஷாக் வேலை செய்யாது என்பதோடு நிற்காது. அந்த வண்டியின் ரப்பர் வளையங்கள் சிலிக்கோன் எண்ணெயோடு பழகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டு அவை உப்பிப்போனால் செலவு இன்னும் கூடும்.

சரி, ரிமோட் கார் கம்பெனிகளுக்குள்ளாவது அந்த எண் ஒத்துப்போகிறதா? டீம் அசோசியேட்டட்டின் 30 வெயிட் 350 சென்டிஸ்டோக். லோசி கம்பெனியின் 30 வெயிட் 338. முன்னதன் 40 வெயிட் 500, பின்னதன் 40 வெயிட் 516. கவனித்துப் பாருங்கள். 30-இல் லோசி இளகல், 40-இல் லோசி கெட்டி. ஒருவருடைய படி எப்போதும் கொஞ்சம் சின்னது என்றால் கணக்குப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சின்னதாகவும் மறுபக்கம் பெரிதாகவும் இருக்கும் படியை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது?

இன்னொரு கோளாறும் உண்டு. எண் இரட்டிப்பானால் கெட்டியும் இரட்டிப்பாகும் என்று யாரும் எண்ணுவார்கள். அசோசியேட்டட் வரிசையில் 20 வெயிட் 200 சென்டிஸ்டோக், 40 வெயிட் 500, 80 வெயிட் 1,000. இருபதிலிருந்து நாற்பதுக்குப் போனால் இரண்டரை மடங்கு. நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போனால் இரண்டு மடங்கு. எந்த வாய்பாட்டில் இது அடங்கும்?

நம்மில் மூத்தவர்களுக்குப் படிக்கணக்குக் காலம் நினைவிருக்கும், அல்லது அப்பா சொல்லிக் கேட்டிருப்பார்கள். பட்டணம்படி ஒரு அளவு, உள்ளூர்ப்படி வேறு அளவு. ஊர் தாண்டி நெல்லோ பயறோ வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் "எந்தப் படி?" என்று கேட்க வேண்டியிருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைகளுக்கு வந்தபின்தான் அந்தக் கேள்வி மறைந்தது. புது எடைக்கற்களுக்குச் செலவு செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் திருத்தமான அளவால் நஷ்டப்பட்டவர்கள், படி வித்தியாசத்தில் பிழைப்பு நடத்தியவர்கள் மட்டுமே. ரிமோட் கார் எண்ணெய் வியாபாரம் இன்னும் அந்தப் படிக்கணக்குக் காலத்திலேயே இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இதற்கு அந்தத் துறையினர் சொல்லும் சமாதானத்தையும் சொல்லிவிட வேண்டும். பந்தயக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கம்பெனி எண்ணெயையே வருடக்கணக்கில் வாங்குகிறார்கள், அந்தக் கம்பெனிக்குள் எண் மாறுவதில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது ஒன்று. பல்லாண்டுகளாக எழுதி வைத்த வண்டிக் குறிப்பேடுகளில் வெயிட் எண்தான் இருக்கிறது, திடீரென்று மாற்றினால் குழப்பம் என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் உண்டு. பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் அந்தத் தாள் நம் பேரேட்டுக்குக் குறைந்ததல்ல. எந்த மைதானம், என்ன வெயில், முன் ஷாக்கில் என்ன எண்ணெய், பின் ஷாக்கில் என்ன, பிஸ்டனில் எத்தனை துளை என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும் பதிந்து வைப்பார்கள். ஆனால் முதல் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வாடிக்கையாளர் ஒரே கம்பெனியில் கட்டுண்டு கிடப்பதால் நஷ்டமில்லை என்பது கம்பெனிக்குச் சௌகரியமான பேச்சு. சில்லறைக் கடைக்காரருக்கு அது சௌகரியம் அல்ல. கேட்ட கம்பெனிச் சரக்கு இல்லாத நாளில் மாற்றுச் சரக்கை எடுத்துக் கொடுக்க முடிவதுதான் நம் வியாபாரத்தின் உயிர். எண் பொருந்தாவிட்டால் மாற்று என்று எதைக் கொடுப்பது?

உண்மையில் இந்தக் கம்பெனிகளுக்குச் சரியான அளவு தெரியாமல் இல்லை. வெயிட் எண்ணோடு சென்டிஸ்டோக் எண்ணையும் சேர்த்து அச்சிடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அதைப் பாராட்டலாம். ஜப்பானியக் கம்பெனிகள் பலவும் 350, 400, 450 என்று நேரடி எண்ணாகவே போடுகின்றன. ஸ்லோவாக்கியா நாட்டு ஹூடி கம்பெனி சீசாவின் மேல் சென்டிஸ்டோக் என்ற வார்த்தையையே அச்சிட்டு விற்கிறது. வேடிக்கை எங்கே என்றால், ஷாக் எண்ணெய்க்கு வெயிட் என்று சொல்லும் அதே அமெரிக்கக் கம்பெனிகள், டிஃபரன்ஷியல் எண்ணெய்க்கு மட்டும் 3,000, 5,000, 10,000 என்று சென்டிஸ்டோக்கில்தான் விற்கின்றன. ஒரே கடை, ஒரே அலமாரி, மேல்தட்டில் படி, கீழ்த்தட்டில் லிட்டர்!

டிஃபரன்ஷியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்பில் ஏமாந்துபோகிற இடம் அதுதான். லாரி வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் விடுகிற பல்சக்கரக் கூட்டுக்குப் பெயர் டிஃபரன்ஷியல். பந்தயக் காரில் அந்தக் கூட்டை அடைத்து, உள்ளே கெட்டிச் சிலிக்கோன் எண்ணெயை நிரப்புகிறார்கள். லாரியில் எண்ணெய் மசகுக்காக. இங்கே எண்ணெய் தடைக்காக. ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கி வெறுமனே சுழலப் பார்த்தால், கெட்டி எண்ணெய் அதைப் பிடித்து இழுத்து மற்றச் சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடுகிறது. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மண் தரைப் பந்தய வண்டியில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று டிஃபரன்ஷியல்கள். முன்னாலும் நடுவிலும் 5,000 முதல் 7,000 வரை, பின்னால் 2,000 அல்லது 3,000 என்பது பலரும் தொடங்குகிற கணக்கு. நடுவில் எண்ணெய் இளகிவிட்டால், முடுக்கும்போது முன்சக்கரங்கள் வெறுமனே சுழன்று டயர் உப்பும், பின்சக்கரத்துக்குத் தள்ளும் சக்தி குறையும்.

ஷாக் எண்ணெய் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். கசியும், வண்டி குதிக்கும், தண்டை அழுத்தினால் உள்ளே காற்று சேர்ந்து சளக் சளக் என்று சத்தம் வரும். டிஃபரன்ஷியலில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. மூடிய கூட்டுக்குள் பல்சக்கரங்கள் தேய்ந்து உதிரும் பொடி எண்ணெயில் கலக்கிறது. சூடும் அரைபடுதலும் சேர்ந்து, ஊற்றும்போது கண்ணாடியாய் இருந்தது சாம்பல் நிறமாகிக் கடைசியில் கறுப்பாகிவிடுகிறது. 7,000 என்று ஊற்றியது நாளடைவில் 7,000 ஆகவே இருக்காது. ஓட்டுகிறவர் வண்டியின் போக்கு மாறிவிட்டது என்று டயரை மாற்றுவார், சுருளை மாற்றுவார், கடைசியில் வண்டியையே குறை சொல்வார். விற்றவர் முதல் நாளே "இத்தனை பந்தயத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்த வீண் செலவும் மனக்கசப்பும் வந்திருக்காது. மும்முரமாகப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஷாக் எண்ணெயை ஒவ்வொரு பந்தய நாளுக்கு முன்பும், டிஃபரன்ஷியல் எண்ணெயை இரண்டு மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறையும் மாற்றுகிறார்கள். பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கு அத்தனை அவசரம் இல்லை. ஆனால் வாங்கிய நாள் முதல் திறக்காமலே இருக்கக் கூடாது.

மாற்றும் முறையைக் கடைக்காரர் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் கேள்வி நம்மிடம்தான் வரும். ஷாக்கைக் கழற்றி, பழைய எண்ணெயைக் கொட்டி, துடைத்து, தண்டைக் கீழே இழுத்துவிட்டுக் குழாயின் விளிம்புவரை புது எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்தால், பிஸ்டனுக்கு அடியில் சிக்கிய காற்று குமிழியாக மேலே வரும். அவசரப்பட்டு ஆட்டினால் இன்னும் காற்று கலக்கும். ஐந்து பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டு, குமிழி அடங்கியபின் மூட வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவு எண்ணெய், ஒரே மீளும் வேகம். இரண்டையும் நுனியோடு நுனி வைத்து அழுத்திப் பார்த்து ஒப்பிடுவார்கள், நாம் தராசின் இரு தட்டைப் பார்ப்பதுபோல.

டிஃபரன்ஷியலில் தராசே நேரில் வந்துவிடுகிறது. கெட்டி எண்ணெயைக் கண்ணால் மட்டம் பார்த்து ஊற்றுவது சிரமம். உள்ளே இருக்கும் குறுக்குத் தண்டு மூழ்கும் அளவு என்பது பழைய கணக்கு. தேர்ந்தவர்கள் நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசில் காலிக் கூட்டை நிறுத்து, எண்ணெய் ஊற்றி மறுபடி நிறுத்து, கிராமில் தசம பாகம்வரை குறித்து வைக்கிறார்கள். அடுத்த முறை அதே எடைக்கு ஊற்றுகிறார்கள். தலை தட்ட நிரப்பிவிடக் கூடாது. ஓடும்போது சூட்டில் எண்ணெய் விரிந்து, இடமில்லாவிட்டால் ஓ-ரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூடும்போது நாலு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். நடுவிலுள்ள காகித வளையம் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். அந்தக் காகித வளையம் அற்பப் பொருள், ஆனால் அது கடையில் இல்லாததால் மொத்த வியாபாரமும் வெளியூருக்குப் போகும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஊர்க் கடைக்காரர் வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே நம்ப முடியாது. சிலிக்கோன் எண்ணெயின் சென்டிஸ்டோக் எண் 25 டிகிரியில் அளந்தது. சூடு ஏறினால் எந்த எண்ணெயும் இளகும். சிலிக்கோன் மற்ற எண்ணெய்களைவிடக் குறைவாகத்தான் இளகும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இருந்தாலும் 40 டிகிரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கெட்டி குறைந்துவிடும். சீசாவில் 350 என்று இருப்பது நம் சித்திரை வெயிலில் 265-ஐ ஒட்டிவிடும். குளிர்நாட்டுப் பந்தயக்காரர் 350-இல் ஜெயித்தார் என்று படித்துவிட்டு நம் பையன் அதையே கேட்டால், "தம்பி, நம்ம வெயிலுக்கு 450 போட்டுப் பாருங்க" என்று சொல்கிற கடைக்காரரை அவன் மறக்க மாட்டான். சீசாவில் வெறும் 30 வெயிட் என்று மட்டும் இருந்தால் இந்தக் கணக்கைப் போட முடியாது. அளவு சொல்லும் எண்ணும், அது எந்தச் சூட்டில் அளந்தது என்பதும் சேர்ந்து இருந்தால்தான் முடியும்.

இனி நம் பக்கத்து விஷயம். எடையளவுச் சட்டம், 2009-இல் புதிதாக நிறைவேறி 2011-இல் நடைமுறைக்கு வந்ததும்கூட, பொட்டலத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைத்தான் காக்கிறது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, நிகர அளவு, மாதமும் வருடமும், அதிகபட்ச விலை இவையெல்லாம் இருக்க வேண்டும். 60 மில்லிலிட்டர் என்று போட்டு 55 இருந்தால் அதிகாரி வருவார். 30 வெயிட் என்று போட்டு உள்ளே எந்தக் கெட்டி இருந்தாலும் அந்தச் சட்டப்படி யாரும் கேட்க வருவதில்லை. ஆனால் இந்த எண்ணெயை வாங்குகிறவர் 60 மில்லிலிட்டருக்காக வாங்கவில்லை. கெட்டிக்காகத்தான் வாங்குகிறார். அவர் எதற்குப் பணம் கொடுக்கிறாரோ அந்த அளவு மட்டும் சீசாவில் சரியாக இல்லை. இது கோதுமை மாவுப் பையில் பையின் நீளத்தைச் சரியாக அச்சிட்டுவிட்டு எடையை "நடுத்தரம்" என்று போடுவதற்கு ஒப்பானது.

இங்கே ஒரு ஆசையையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சிலிக்கோன் எண்ணெய் ரசாயனச் சந்தையில் டிரம் கணக்கில் கிடைக்கும் பொருள். 350, 1,000, 12,500, 60,000 என்ற எண்கள் அந்தத் தொழிலில் வழக்கமான தரங்கள். கேன் கணக்கில் வாங்கிச் சிறு சீசாவில் அடைத்து விற்றால் நல்ல லாபம் நிற்கும் என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. கடலை எண்ணெயும் ஒரு காலத்தில் டின்னிலிருந்து சில்லறைக்கு வந்ததுதான். அடைப்பவராகப் பதிவு செய்துகொண்டு, சட்டப்படியான விவரங்களோடு சென்டிஸ்டோக் எண்ணையும் அச்சிட்டுச் செய்தால் அது நேர்மையான வியாபாரம், வாடிக்கையாளருக்கும் விலை குறையும். ஆனால் இல்லாத எண்ணைக் கலந்து உண்டாக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசியில் இருபது ரூபாய்ச் சரக்கையும் ஐம்பது ரூபாய்ச் சரக்கையும் பாதிக்குப் பாதி கலந்தால் அடக்கவிலை முப்பத்தைந்து. எண்ணெயின் கெட்டி அப்படிக் கூட்டி வகுத்து வராது. 200-ஐயும் 500-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 350 வராது, 316-ஐ ஒட்டித்தான் வரும். இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது அதற்குக் கிட்டத்தட்டச் சரியான கணக்கு. இளகின சரக்கின் பக்கமே கலவை சாயும். எண்கள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் சாய்வும் கூடும். 1,000-ஐயும் 10,000-ஐயும் கலந்தால் 5,500 என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள், உள்ளே இருப்பதோ 3,000-ஐச் சற்று தாண்டும். வாங்கியவர் பந்தயத்தில் தோற்பார், கடைக்காரர் பெயர் கெடும்.

சங்கத்தின் முன் என் யோசனை இதுதான். இந்தச் சரக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள், மொத்த வியாபாரியிடமும் இறக்குமதியாளரிடமும் ஆர்டர் கொடுக்கும்போதே, சென்டிஸ்டோக் எண் அச்சிட்ட சீசாதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். வெயிட் எண் பழைய வழக்கத்துக்காகக் கூட இருந்துவிட்டுப் போகட்டும். எண் இல்லாமல் வரும் பழைய இருப்புக்கு, கம்பெனி வெளியிட்டுள்ள பட்டியலைப் பார்த்து ஒரு சிறு சீட்டு எழுதி அலமாரியில் ஒட்டலாம். வெவ்வேறு கம்பெனிச் சரக்கை வெயிட் எண்படி ஒரே வரிசையில் அடுக்காமல், சென்டிஸ்டோக் வரிசைப்படி அடுக்கினால் பாதிக் குழப்பம் தீரும். இந்தச் செலவு ஒரு பேனாவுக்கும் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகாது.

ஷாக் எண்ணெயையும் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். இரண்டும் சிலிக்கோன்தான், சீசாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒரு பூச்சியம் கண்ணில் தவறினால் 1,000 இருக்க வேண்டிய இடத்தில் 10,000 போய்விடும். மூடிய சீசாவில் இது மளிகைச் சரக்கு போலச் சிக்குப் பிடித்துக் கெடுவதில்லை, ஆகவே தேங்கினாலும் பயமில்லை, ஆனால் திறந்த சீசாவில் தூசு சேரும். தரையில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீருக்கு எளிதில் போகாது, சிந்தியதை ஓட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட் துணியால் துடைத்து எடுப்பதே வழி, அதுவரை யாரையும் அந்தப் பக்கம் நடக்கவிடாதீர்கள்.